யார் தட்டினது?

அத்தியாயம் 14

சென்ற வாரம் ஏறாதவர்கள் முன்பக்கமாகவே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. விட்ட கதை நாலு வரிதான்.

பள்ளிக்கூட பஸ்ஸில் ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. பிள்ளைகள் வைத்த பெயர் ரைட்டக்கா. அதே பஸ்ஸை ஓட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர். ஐம்பத்து மூன்று வயதில் சர்க்கரை அவருடைய வலது பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. பிரேக்கின் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றானதும், உடல்தகுதிச் சான்றில் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். உரிமம் போயிற்று.

இடையில் தற்காலிக டிரைவரை வைத்துச் சமாளித்த பள்ளி நிர்வாகி ஒரே வார்த்தையில் முடித்தார். திங்கட்கிழமை காலையில் யார் கையில் ஹெவி லைசென்ஸ் இருக்கிறதோ, அவருக்கு அந்த ஸ்டியரிங். வருஷம் முழுக்க. ரைட்டக்கா வாங்கிவிட்டால் ரைட்டக்காவுக்கு. இல்லாவிட்டால் டிப்பர் லாரி ஓட்டும் அவள் கொழுந்தனுக்கு. அவனிடம்தான் லைசென்ஸ் இருக்கவே இருக்கிறதே.

இன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. பத்து மணிக்கு டெஸ்ட்.

விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

அவள் ஃபைலை நாலாவது முறையாகப் பிரித்தாள். கார் ஓட்டும் உரிமம், வாங்கி ஒரு வருஷம் தாண்டியது. பழகுவதற்கான அனுமதிச்சீட்டு. முப்பது நாள் பயிற்சிக்குப் போய் வந்ததற்கான சான்று. எழுத்துத் தேர்வில் முப்பதுக்கு இருபத்தேழு. எல்லாவற்றுக்கும் மேலே டாக்டரின் உடல்தகுதிச் சான்று. அதே டாக்டர், அதே பச்சை மை. அவளுடைய பாதத்தில் பஞ்சால் தடவிப் பார்த்தபோது கூச்சம் தாங்காமல் அவள் சிரித்துவிட்டாள். அதை மட்டும் வீட்டில் வந்து சொல்லவில்லை.

வீட்டுக்காரர் எண்ணெய்ப் புட்டியும் கையுமாகச் சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேலை போய் ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தில் வீட்டில் எண்ணெய் காணாத கீல் கிடையாது. சத்தம் போடுகிற கதவே இல்லாமல் போய்விட்டது. மனுஷர் பின்னால் வந்து நிற்பதுகூடத் தெரிவதில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"எதை?"

"வெள்ளையை."

"வெள்ளை ராத்திரிக்கு."

அவர் கதவை ஆட்டிப் பார்த்தார். அது மூச்சு விடாமல் போய் வந்தது.

"செருப்பு வாரை இறுக்கிப் போடுங்க. நேத்து ஒத்தச் செருப்போட கடைவரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்க. பக்கத்து வீட்டம்மா எடுத்து வச்சுக் குடுத்தாங்க."

"தெரிஞ்சா விட்டுட்டு வருவனா."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. கால் பற்றிய பேச்சு எல்லாமே அந்த வீட்டில் அப்படித்தான் நின்றது.

அவர் மேஜையருகே வந்து நின்றார். ஃபைலைப் பார்க்கவில்லை, ஆனால் ஃபைல் இருக்கும் பக்கம்தான் நின்றார். இடது கை மோதிரத்தால் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தார். யோசனை ஓடினால் அவருக்கு அந்தப் பழக்கம். விரல் வீங்கி மோதிரம் கழற்றவே முடியாமல் போய் வருஷம் ரெண்டு.

"வண்டியில வர்றது வேற. வண்டியை ஓட்டுறது வேற," என்றார்.

"ஒன்பது வருஷம் வண்டியில வந்தேன். தூங்கிட்டு வரலையே."

"ரிவர்ஸ்ல கண்ணாடியை நம்பாத. கண்ணாடி பாதிதான் சொல்லும்."

அவள் நிமிர்ந்தாள். ஆறு வாரத்தில் டெஸ்டைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல்தடவை.

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இருக்கு."

வாசலில் ஹாரன் கேட்டது. அவருக்கு முகம் சட்டென்று மாறியது. தன் வண்டியின் ஹாரனை வேறொருவன் அடிப்பதைக் கேட்பது என்பது, தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு எதிரே வருவதைப் பார்ப்பது மாதிரி. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மஞ்சள் பஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றது. கொழுந்தன் எட்டிக் குதித்தான்.

"அண்ணி, ஏறுங்க. நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல லைசென்ஸோட உட்கார்ந்திருக்கிற பொம்மை."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன் தம்பி."

"பேசினா, பிரேக் இழுக்குதான்னு கேட்பாரு. இழுக்கலைன்னா, நீ சரியாப் பாக்கலைம்பாரு. இழுக்குதுன்னா, நீதான் கெடுத்தேம்பாரு. எதுக்கு வம்பு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கால் நீளம்.

இரண்டு தெரு தாண்டியதும் கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, ஒண்ணு வெளிப்படையாச் சொல்லிடறேன். நீங்க பாஸாகணும்னுதான் வண்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஃபெயிலானா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்."

"சரி."

"ஆனா ரொம்ப நேரம் வருத்தமா இருக்காது."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அதில் பொய் இல்லை என்று இருவருக்கும் தெரியும். டிப்பரில் போனால் வாரத்தில் நாலு நாள் வெளியூர். அவனுடைய சின்ன மகள் அவனை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். பள்ளி வண்டி என்றால் மாலை ஐந்துக்கு வீடு. அவனுக்கும் ஆசை இருக்காதா.

முதல் நிறுத்தத்தில், வழக்கத்தில், அவள் கை தானாகக் கதவுப் பக்கம் தேடியது. தட்டுவதற்கு.

அதைச் சொல்லாவிட்டால் இன்றைய கதை புரியாது. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. படியில் நின்று பஸ்ஸின் பக்கத் தகட்டில் அவள் தட்டுவாள். திரும்பிப் பார்க்காமல் அவர் நிறுத்துவார், எடுப்பார். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டதைவிட வண்டியில் தட்டிக்கொண்டது அதிகம்.

முதல் வருஷம் ஒரு நாள், குறும்புக்காரன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, விளையாட்டாக இரண்டு தட்டுத் தட்டினான். படியில் ஒரு பெண் குழந்தை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி அசைந்தது. அவள் போட்ட சத்தத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். வேண்டாத தட்டு விழுந்தால் வண்டி நகராது. "யார் தட்டினது?" என்று ஒரே ஒரு முறை கேட்பாள். தட்டினவர் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் திட்டு இல்லை, வீட்டுக்குப் புகார் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு வண்டி போகும். நிற்காவிட்டால் போகாது. ஒரு முறை அரை மணி நேரம் நின்றிருக்கிறது. நிர்வாகி ஃபோனில் கத்தினார். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா கேட்டதுக்குப் பதில் வரலை சார்," என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு அந்தக் கை தட்ட இடமில்லாமல் கியரில் வந்து உட்கார்ந்தது.

டெஸ்ட் மைதானத்தில் ஏழு லாரி, இரண்டு பஸ், ஒரு தண்ணீர் டேங்கர். பத்து மணி என்றது பதினொன்றேகால் ஆகியும் கூப்பிடவில்லை. அவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரை அழுத்திப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தாள். டீக்கடைப் பக்கம் போன கொழுந்தனைத் தேடினாள். கண்டதும் எதற்குத் தேடினோம் என்று மறந்துபோனாள்.

வரிசையில் நின்ற லாரிக்காரர் ஒருவருக்குப் பொழுது போகவில்லை.

"அக்கா, ஸ்கூட்டர் டெஸ்ட் அந்தப் பக்கம் நடக்குது."

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். உங்களைத்தான் கூப்பிட்டுட்டிருந்தாங்க, எட்டுப் போடச் சொல்லி."

டேங்கர்காரர் சிரித்த சிரிப்பில் லாரிக்காரர் தன் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் அதிகாரி வந்தார். காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். பின்னாலேயே கம்பங்களைத் தூக்கிக்கொண்டு உதவியாளர், வயதானவர். அதிகாரி ஃபைலை வாங்கிப் புரட்டிவிட்டு, கொழுந்தனைப் பார்த்தார்.

"நீங்க ஏறுங்க."

"நான் துணைக்கு வந்தவன் சார். டெஸ்ட் அண்ணிக்கு."

அதிகாரி ஃபைலில் ஒட்டியிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆச்சரியத்தை மறைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர்தான். பென்சிலை எடுத்துக் கூர் பார்த்தார்.

"வண்டியைச் சுத்தி வாங்கம்மா. எதையெதைப் பார்க்கணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டே வாங்க."

அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டயர், சக்கர நட்டு, விளக்கு, எண்ணெய்க் கசிவு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. அவசரக் கதவைத் திறந்து மூடிக் காட்டினாள். பிறகு, கேட்காமலே, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

"அங்க என்ன?"

"ஏதாவது பிள்ளை தூங்கிட்டிருக்கும் சார்."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.

காற்றுப் பிரேக். இன்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிஷம் அழுத்த முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவளுக்கு அது வேண்டாம். முப்பது பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு நொடி, காலையில் ஏற்றும்போது ஒரு முறை, மாலையில் இறக்கும்போது ஒரு முறை. அழுகிற பிள்ளை, வாந்தி எடுக்கிற பிள்ளை, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவருகிற பிள்ளை என்று உதட்டுக்குள் ஏற்றி இறக்கி முடித்தாள். முள் அசையவில்லை. அவளுடைய பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. இருப்பது தெரிந்தது.

ரோட்டில் ஓட்டிக் காட்டியதும் நன்றாகவே போயிற்று. சிக்னலில் கிளம்புமுன் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏறத்தான் யாரும் இல்லையே," என்றார் அதிகாரி.

"ஏறினவங்க இறங்கிடக் கூடாதே சார்."

இன்னொரு குறிப்பு. நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

மிஞ்சியது ரிவர்ஸ். இடது பக்கம் நெஞ்சளவு மதில், வலது பக்கம் வரிசையாகக் கம்பங்கள், நடுவே பஸ் அகலத்துக்குக் கொஞ்சமே கூட. பின்னோக்கிப் போய், கடைசிக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். அதிகாரி அவள் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகக் கோட்டைப் பார்த்தார்.

"வரட்டும்."

பஸ் பின்னால் நகர்ந்தது. இடது கண்ணாடி: மதில், ஒரு சாண். வலது கண்ணாடி: கம்பங்கள் ஒவ்வொன்றாக முன்னால் போயின. உள்ளங்கை வழுக்கியது. தாவணி வயதில்கூட இப்படி வேர்த்ததில்லை.

"வரட்டும், வரட்டும். இன்னும் நாலடி."

கண்ணாடி பாதிதான் சொல்லும்.

"வரட்டும்."

டங்.

ஒரே ஒரு தட்டு. பின்புறத் தகட்டில்.

அவள் கால் யாரையும் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தது. பஸ் குலுங்கி நின்றது. அதிகாரியின் பென்சில் உருண்டு படியில் விழுந்தது.

"ஏம்மா நிறுத்தினீங்க? நான் வரட்டும்னுதானே சொல்றேன். இன்னும் ரெண்டடி இருக்கு."

"தட்டினாங்க சார்."

"யார் என்ன தட்டினா என்ன? சொல்றது நான்."

"ஒரு தட்டு சார்," என்றாள். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதிகாரி கோபமாக இறங்கிப் பின்னால் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அவளும் இறங்கிப் போனாள்.

பஸ்ஸின் பின்பக்கம், வலது மூலையில், உதவியாளர் தரையில் குந்தியிருந்தார். கடைசிக் கம்பம் காற்றில் சாய்ந்திருக்கிறது. வண்டி வந்து சேர்வதற்குள் நிமிர்த்திவிடலாம் என்று போயிருக்கிறார். அடிக்கட்டை கழன்று கையோடு வந்திருக்கிறது. குனிந்து பொருத்திக்கொண்டிருந்தவரின் முதுகுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கொழுந்தன் ஓடிவந்து தூக்கி, முன்பக்கம் அழைத்துப் போய்ப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

அதிகாரி பஸ்ஸின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். 'வரட்டும்' என்று சொன்ன வாய் உலர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படிவத்தைப் பிரித்தார். அப்போதும் பிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் உத்தியோகம் அது.

"இங்க பாருங்கம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. வெளியாள் உதவி உண்டா, இல்லையான்னு. உண்டுன்னா, யாருன்னு எழுதணும். உங்களைச் சேர்ந்தவங்கன்னா டெஸ்ட் ரத்து. முப்பது நாள் கழிச்சுத்தான் மறுபடி. எனக்கு அதுல அதிகாரம் இல்லை."

"சரி சார்."

"யாரோ வழியில போனவர்னா, அது உதவி இல்லை, இடைஞ்சல். ரிவர்ஸ் மட்டும் இப்பவே திருப்பிப் போட்டுக் காட்டலாம். நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க." பென்சிலைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "வழியில போனவர்னு எழுதிக்கட்டுமா?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும். அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குச் சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காரலாம்.

அதிகாரி, தலையாட்டலுக்குக் காத்திருந்தவர், பேச்சுக்குக் கேட்பதுபோல ஒரு முறை கேட்டார்.

"யார் தட்டினது?"

ஒன்பது வருஷமாக அவள் கேட்ட கேள்வி. ஆறு வயசுப் பிள்ளைகள் உதடு நடுங்க எழுந்து நின்ற கேள்வி.

அவளுக்கு யார் என்று தெரியும். அது வெறும் கை தட்டிய சத்தம் இல்லை. தகட்டில் முதலில் விழுந்தது மோதிரம்.

அவள் மதில் பக்கம் திரும்பினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

"தட்டினவங்க எழுந்து நில்லுங்க," என்றாள், மதிலைப் பார்த்து. அதட்டவில்லை. பஸ்ஸில் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரல்.

கொழுந்தன் அண்ணிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தான். அதிகாரியும் அப்படியே பார்த்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மதிலின் மேல் ஒரு கை வந்தது. அப்புறம் நரைத்த தலை. அப்புறம் சட்டையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்காரர் மெல்ல எழுந்து நின்றார். வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளைபோலக் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரர் சார்," என்றாள் அவள்.

அதிகாரி பென்சிலைக் கட்டத்தில் வைத்து எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "முப்பது நாள்," என்று தனக்கே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பாதியில் கிழித்த நகலை அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்காரர் மதிலைச் சுற்றி வாசல் வழியாக உள்ளே வருவதற்குள், விவரம் கேட்ட உதவியாளர் படியிலிருந்து எழுந்து எதிரே போனார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உசுரைக் குடுத்தீங்க ஐயா. பின்னால இருக்கேன்னு நீங்க பாக்கலைன்னா நான் இன்னிக்கு இல்லை."

வீட்டுக்காரர் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி.

அவள் அவருடைய பாதத்தைப் பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை.

"இருங்க. எடுத்துட்டு வர்றேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் புல்லும் பழைய டயர்களும் கிடந்தன. செருப்பு டயருக்குள் மாட்டியிருந்தது. சுற்றிலும் புல் மிதிபட்டு நசுங்கியிருந்தது. மனுஷர் வெகுநேரமாக இங்கேயே நின்றிருக்கிறார். டெஸ்ட் தொடங்குமுன்பே வந்திருக்க வேண்டும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றாள். கையை நீட்டினால் பஸ்ஸின் இடது பின்மூலை எட்டியது. பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டடி நகர்ந்து எக்கிப் பார்த்தாள்.

மஞ்சள் தகடு தெரிந்தது. பின் விளக்கு தெரிந்தது. வலது மூலையில், கழன்ற கம்பம் கிடக்கும் இடம் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் தெரியவில்லை.

செருப்பிலிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.

கிளம்பும்போது கொழுந்தனின் ஃபோன் அடித்தது. நிர்வாகி.

"இல்ல சார், ரத்தாயிடுச்சு... ஆமா சார். திங்கட்கிழமை நான் வந்துடறேன்." அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். "அப்புறம் பேசறேன் சார்," என்று ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவளேதான் ஓட்டினாள். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்காரர் டிரைவர் சீட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்று, அப்புறம் கதவோரச் சீட்டில், அவளுடைய சீட்டில், உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் அந்த இடத்திலிருந்து அவர் ரோட்டைப் பார்த்ததில்லை.

நாலு தெரு தாண்டியது.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் அவர்.

"மோதிரம்."

அவர் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லாம விட்டிருக்கலாம். அந்த ஆளே வழி சொன்னாரு. காதுல விழுந்துச்சு."

"பிள்ளைங்ககிட்ட எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் கேக்கிறது."

இன்னும் ஒரு தெரு.

"ஒரு உசுரு போயிருக்கும்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "பார்த்தேன். அதான் தட்டினேன்."

சிவப்பு விழுந்தது. அவள் நிறுத்தினாள். மெதுவாக, ஒரு குலுங்கல் இல்லாமல்.

"என்னங்க."

"ம்."

"அந்தப் பெரியவர் எந்தப் பக்கம் குந்தியிருந்தாரு? வலதா, இடதா?"

கொழுந்தன் எதிரே நின்ற வண்டியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தான், அது என்னவோ பாடப்புத்தகம் மாதிரி.

இரண்டே பதில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால்கூடப் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். அவருக்கும் அது தெரியும். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர்; வலது இடது தெரியாதவர் இல்லை.

அவர் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடி பாதிதான் சொல்லும் என்று காலையில் அவர் சொன்னது சரிதான். மடியில் கிடந்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அப்புறம் இன்னொருவன். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வராமல் அந்த வண்டி நகர்ந்ததில்லை.

அவர் எழுந்து நின்றார்.

ஓடாத வண்டியில், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராக எழுந்து நின்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உட்காருங்க," என்றாள் அவள். திட்டு இல்லை. புகார் இல்லை. சட்டம் அப்படித்தான்.

அவர் உட்கார்ந்தார். கதவைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, பழக்கமில்லாத இடத்தில் தடவி, தகட்டில் தட்டினார்.

டங், டங்.

அவள் வண்டியை எடுத்தாள்.